எங்க மச்சான் ஆலமரம் இல்ல பேராண்டி

பேராண்டி, ஒங்க தாத்தாவோட மொத வருசத்து நினைவஞ்சலிக்கு நீ எழுதிக் கொண்டாந்த தாள நிதானமா வாசிச்சுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. செத்துப்போனது யாருங்கிற ஒண்ணுதான் வெளங்கல.

'பாசமிகு கணவர், அன்புத் தந்தை, அருமைத் தாத்தா'ன்னு தொடங்கியிருக்க. பெறகு 'ஆலமரம் சாய்ந்தது, இமயம் சரிந்தது'ன்னு ரெண்டு வரி. ஏப்பா, போன மாசந்தான் மேலத்தெருவுல ஒரு ஆலமரம் சாஞ்சுச்சு. அதுக்கு முந்துன மாசம் பஸ் ஸ்டாப்புப் பக்கம் ரெண்டு. சுவத்துல ஒட்டுன போஸ்டரப் பூராம் எண்ணுனா இந்த ஊர்ல வீட்டுக்கு ஒரு ஆலமரம் நின்னுருக்கு. பெறகு ஏன் நாங்க கரிசக்காட்டுல ஒதுங்க நெழல் இல்லாம, சீமக்கருவேல முள்ளுக்கடியில உக்காந்து கஞ்சி குடிச்சோம்? இமயமலையையும் விட்டுரு. மச்சான் அஞ்சடி ரெண்டு அங்குலம். அதுவும் உருமாவோட சேத்து அளந்தா.

இப்பிடிப் பேச எனக்கு உரிம உண்டு. ஒங்க அப்பத்தா எனக்குப் பெரியப்பா மக, அக்கா மொறை. அக்கா புருசன் எனக்கு மச்சான். பங்காளி பேசுனா சண்ட, மச்சினன் பேசுனா கேலின்னு நம்ம பக்கம் ஒரு ஏற்பாடு இருக்குல்ல? மச்சான் உசுரோட இருந்தப்ப நான் பேசுன கேலிக்கெல்லாம் கணக்கு வச்சுப் பதில் குடுத்துருவாரு. இனிமே பதில் வராதுங்கிறதுக்காக நான் திடீர்னு மரியாதக்காரனாயிட்டா, 'இவனுக்கு என்ன கேடு வந்துச்சு'ன்னு மேல உக்காந்து பயந்து போவாரு.

மொதல்ல தேதிக்கு வருவோம். 'தோற்றம்: 1.7.1941'ன்னு போட்டுருக்க. அது அவுக ஆத்தா பெத்த தேதி இல்லய்யா, பள்ளிக்கூடத்து வாத்தியாரு பெத்த தேதி. அந்தக் காலத்துல பையனக் கொண்டுபோயி நிப்பாட்டுனா, வலது கையத் தலைக்கு மேல வளைச்சு எடது காதத் தொடச் சொல்லுவாக. தொட்டுட்டா அஞ்சு வயசு முடிஞ்சு போச்சு. பெறகு வாத்தியாரு, பள்ளிக்கூடம் தொறக்குற காலத்துக்குத் தோதா ஒரு தேதியப் போட்டு எழுதிக்குவாரு. அதனால எங்க வயசு ஆளுகள்ல பாதிப் பேரு ஜூன், ஜூலையிலதான் பொறந்துருக்கோம். எங்க ஆத்தாமாருக எல்லாரும் அட்மிஷன் பாத்துத்தான் புள்ள பெத்துருக்காக.

ஒங்க பூட்டி சொன்ன கணக்கு வேற. 'வெள்ளக்காரன் போன வருசம் எம்மகனுக்கு முன்பல்லு விழுந்துச்சு'ம்பா. அத எழுது. 1947ல நாடே சிரிச்சப்ப வாயத் தொறந்து சிரிக்க வெக்கப்பட்ட ஆளு ஒங்க தாத்தா. இந்த ஒரு வரிய வாசிச்சா ஆளு கண்ணு முன்னால வந்து நிப்பாரு. 1.7.1941ஐ வாசிச்சா ரேசன் கார்டுதான் வந்து நிக்கும்.

படிப்பு அஞ்சாப்பு. பள்ளிக்கூடத்துல மத்தியானச் சாப்பாட்டக் காமராசரு 1956ல கொண்டாந்தாரு. அதுக்குள்ள மச்சானுக்குப் பதினஞ்சு வயசாகி, கமல மாட்டுக்குப் பின்னால நடந்துக்கிட்டிருந்தாரு. 'அந்தச் சோத்த ஒரு அஞ்சாறு வருசம் முந்திப் போட்டிருந்தா நான் கலெக்டருடா'ன்னு கடேசி வரைக்கும் சொல்லுவாரு. எந்த ஜில்லாவுக்குன்னு கேட்டாத்தான் கோவம் வரும். ஏன்னா அவரு ஆச வச்ச காலத்துல இது ராமநாதபுரம் ஜில்லா. நம்ம விருதுநகர்ப் பக்கத்தத் தனியாப் பிரிச்சது 1985லதான். 'ரெண்டுக்கும் நாந்தான்டா'ன்னுட்டுத் துண்ட ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.

அடுத்து அந்தப் படம். அது யாரு பேராண்டி, கோட்டும் டையும் கட்டிக்கிட்டு? சேஷன் 1993ல ஓட்டுக்கு அடையாள அட்டன்னு கொண்டாந்தாருல்ல, அந்த அட்டைக்குப் புடிச்சதுதான் மச்சான் தனியா நின்னு புடிச்ச மொதப் படம். கேமராக்காரன் அதட்டுனதுல முழிச்ச முழி அதுல அப்பிடியே இருக்கு. அந்தத் தலைய மட்டும் வெட்டி எடுத்து, எவனோ ஒரு தொரை ஒடம்புல ஒட்டி, பின்னால ஒரு அருவியையும் ரெண்டு அன்னத்தையும் விட்டுருக்கீக. குலசாமி கோயில் செவராத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் தவிர அந்த மனுசன் சட்டையே போட்டதில்ல. மேலோகத்துல அவுக அய்யா வந்து தேடுனா ஆள் அடையாளம் தெரியுமா? 'இந்த வக்கீலு யாரு'ன்னு கேட்டுட்டு அடுத்த வாசலுக்குப் போயிருவாரு. வெத்து மேலோட, தோள்ல துண்டோட, சித்திரையில வேப்பமரத்தடிக் கட்டில்ல உக்காந்துருக்க படம் ஒங்க சின்ன அத்த போன்ல கெடக்கு. அத வாங்கு.

முக்குல வச்ச பேனரு இன்னொரு கூத்து. உசுரோட இருக்கவுக படத்தப் பேனர்ல போடாதீகன்னு 2017ல ஐகோர்ட்டு ஒரு உத்தரவு போட்டுச்சு. நம்ம முக்குல நின்னு பாத்தவனுக்கு, செத்தவுக படத்தத்தான் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாகளோன்னு தோணும். நடுவுல வெத்தலயளவு எடத்துல மச்சான் தல. சுத்திவர கூலிங்கிளாசு போட்ட பயக வரிச. அதுல ஒருத்தன் போன்ல யார்கிட்டயோ பேசிக்கிட்டு நிக்கான். எழவுச் சேதி சொல்றானோ, என்ன எழவோ.

இப்ப ஒரு நல்ல சேதி சொல்றேன், கேளு. செத்தவுகள எழுதி வைக்கிறது நம்ம ஆளுகளுக்குப் புதுசு இல்ல. நம்ம படிப்பகத்துல கல்வெட்டுப் புஸ்தகம் ஒண்ணு தூசியடைஞ்சு கெடக்கு. நீ ஊர்ல இருந்தப்ப அதுமேல பந்து வச்சு வெளாடுவ. தேனி ஜில்லாவுல வைக ஓரமா புலிமான்கோம்பன்னு ஒரு ஊரு. 2006ல அங்க நடுகல்லு கண்டெடுத்தாக. தமிழ்ப் பிராமி எழுத்து, ரெண்டாயிரம் வருசத்துக்கும் மேலப் பழசு. அதுல ஒரு கல்லுல என்ன இருக்கு? இன்ன ஊரு, மாடு புடிச்ச சண்டையில செத்தான், இன்ன பேருக்காரன், இது அவன் கல்லு. அம்புட்டுத்தான். கல்லுல வெட்டணும்ல, கை வலிக்கும். அதனால பொய் சொல்ல நேரமில்ல.

இன்னொண்ணு திருவண்ணாமலப் பக்கம் எடுத்தனூரு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல்லு, ஏழாம் நூத்தாண்டு. கருந்தேவக்கத்தின்னு ஒருத்தன் மாட்டக் காத்து நின்னு செத்துப் போறான். அவனுக்குக் கல்லு நட்டவுக, அவங்கூட நின்ன நாயையும் செதுக்கி, அது பேரு கோவிவன்னும் எழுதி, அது கள்ளப் பயக ரெண்டு பேரக் கடிச்சுக் காவல் நின்னதையும் எழுதி வச்சுருக்காக. யோசிச்சுப் பாரு பேராண்டி. ஆயிரத்து முந்நூறு வருசத்துக்கு மேலாச்சு. அந்த நாயி பேரென்ன, அது என்ன செஞ்சுச்சு, ரெண்டும் எனக்குத் தெரியுது. போன வருசம் செத்த எங்க மச்சான் என்ன செஞ்சாருன்னு ஒந்தாள்ல தேடுறேன், கெடைக்கல. நாயிக்குக் கெடச்ச மரியாதய ஒங்க தாத்தாவுக்கும் குடுக்கணும்னுதான் கேக்குறேன். பெருசா ஒண்ணும் கேக்கல.

அதுக்கு என்ன வழின்னு கேட்டா, நீ மொத வரியில அடச்சு வச்சுருக்க மூணு பேரையும் தனித்தனியாப் பிரிச்சு விடு. கணவர், தந்தை, தாத்தான்னு மூச்சு விடாமச் சொல்லிட்ட. மூணும் ஒரே ஆளுன்னு நெனச்சியா? ஒங்க அப்பன்கிட்டப் போயி, 'ஒங்க அய்யா என்னயத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கம்மாக்கர பூராம் சுத்துவாரு'ன்னு சொல்லிப் பாரு. 'எங்க அய்யாவா? அவரு கை என் தோள்ல பட்டதே புளியம்விளாறோடதான்'பான். ரெண்டு பேரு சொல்றதும் நெசம்.

ஒங்க அப்பன் எட்டாப்புப் படிக்கிறப்ப சைக்கிள் கேட்டான். 'கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு'ன்னாரு மச்சான். அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுச்சு. நீ அஞ்சாப்புப் படிக்கிறப்ப சைக்கிள் கேக்கவே இல்ல. பக்கத்து வீட்டுப் பய சைக்கிளப் பாத்த. அம்புட்டுத்தான். அடுத்த வாரம் மொளகா வத்தல விருதுநகர்ல போட்ட காசோட சைக்கிளும் வந்து எறங்குச்சு. ஒங்க அப்பன் திண்ணையில உக்காந்து அதப் பாத்த பார்வ எனக்கு இன்னும் மறக்கல. அம்பது வயசு ஆயிருந்தாலும் அந்த நேரத்துல அவனுக்கு எட்டாப்பு வயசுதான்.

அவன்கிட்டச் சொல்லாதது ஒண்ணு இருக்கு. நீ சொல்லு. 1985ல, ஜில்லா பிரிச்ச அதே வருசம், ஒங்க அப்பனுக்குப் பாலிடெக்னிக்ல எடம் கெடச்சுச்சு. கட்டப் பணமில்ல. அந்த வருசம் பருத்தியில புழு. மச்சான் ஒரு விடிகாலம் ஜோடி மாட்ட ஓட்டிக்கிட்டு மாட்டுத்தாவணிக்குப் போனாரு. மாடு பழக்கிப் பாக்கப் போறேன்னு வீட்ல சொல்லிட்டுப் போன ஆளு, கயித்த மட்டும் கையில சுத்திக்கிட்டு வந்தாரு. அந்த வருசம் பூராம் அடுத்தவன் மாட்டுக்குக் கைகட்டி நின்னு ஒழுதாரு. ஒங்க அப்பன்கிட்ட, 'மாடு ரெண்டும் கெழடு தட்டிருச்சு, தள்ளிவிட்டுட்டேன்'னாரு. அதுக நாலு பல்லு மாடுகடா! இளந்தாரி மாடுக!

சைக்கிள் கெடைக்காதது மகனுக்குத் தெரியும். மாடு வித்தது தெரியாது. நம்ம பக்கத்து அப்பன்மாருக்கு இது ஒரு வியாதி. இல்லன்னு சொல்றத எட்டு ஊருக்குக் கேக்குற மாதிரி கத்திச் சொல்லுவாக. குடுக்குறதக் கொலவழக்குக்கு மேல ரகசியமா வச்சுக்குவாக. மகன் காலத்துல கைய இறுக்குனதுக்கு வட்டியும் மொதலுமாப் பேரன் காலத்துல குடுத்துத் தீப்பாக. அதனாலதான் சொல்றேன், நீ பாத்த தாத்தாவ மட்டும் எழுதிட்டு எந்திரிச்சுராத. நீ பாத்தது கடன் அடச்சு முடிச்ச மனுசன. ஒங்க அப்பன் பாத்தது கடனோட முழிச்ச மனுசன.

இன்னும் ஒண்ணு. ஆடு புலி ஆட்டத்துல இந்த ஊர்ல மச்சான ஜெயிச்ச ஆளு கெடையாது. நானே ஆடித் தோத்து வெத்தல வாங்கிக் குடுத்துக் குடுத்து, கொடிக்கால்காரனுக்கு ஒரு வீடே கட்டிக் குடுத்துருப்பேன். அப்பேர்ப்பட்ட ஆளு ஆறு வயசுப் பயலான ஒங்கிட்ட வாரம் தவறாமத் தோத்தாரு. நீ கெட்டிக்காரன்னு இந்நேரம் வரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தியாக்கும்?

மூணாவது ஆளு புருசன். அந்த ஆளப் பத்தி எழுத ஒனக்கும் தகுதி இல்ல, ஒங்க அப்பனுக்கும் தகுதி இல்ல. கேக்க வேண்டிய எடம் ஒண்ணுதான். அது அடுப்படியில உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு இருக்கு. நினைவஞ்சலி எழுதுறதுக்காகச் சென்னையில இருந்து கார்ல வந்த. வார வழியில எட்டுப் பேருக்குப் போன் போட்ட. வீட்டுக்குள்ள இருக்க அப்பத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?

அன்னைக்கி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து அக்கா வச்ச ஒப்பாரிய நீ போன்ல வீடியோ எடுத்த. காதுல வாங்குனியா? அதுல எல்லாமே இருந்துச்சுப்பா. வாக்கப்பட்டு வந்தன்னைக்கி இந்த வீட்ல எத்தன மண்பான இருந்துச்சு, எந்த வருசம் கெணறு வத்துச்சு, எந்தக் கொழுந்தன் வெத நெல்ல வாங்கிட்டுத் திருப்பிக் குடுக்கல, எந்தச் சின்னப் புள்ளயப் பறிகுடுத்தப்ப இந்த மனுசன் வாய் தொறந்து அழாமக் காட்டுக்குப் போயி ஒழுதுக்கிட்டே அழுதாருங்கிறது வரைக்கும் வரிசையாச் சொல்லுச்சு. ஊடால அவர வைய வேண்டிய எடத்துல நல்லா வஞ்சுச்சு. செத்தவர நடுவீட்ல போட்டுக்கிட்டு, 'சீட்டு வெளாண்டு என் கம்மல அடகு வச்சவரே'ன்னு பாடுறதுக்கு எம்புட்டுப் பிரியம் இருக்கணும்? நீ எழுதுன தாள்ல பிரியம் இருக்குன்னு எழுதியிருக்கு. அக்கா வஞ்சதுல பிரியமே இருந்துச்சு.

அந்தக் கம்மலு விசயத்தையும் எழுதணும். அதோட வரப்பு வழக்கையும் எழுதாம விட்டா மச்சானே கோவிச்சுக்குவாரு. பங்காளி ஒரு அடி வரப்ப வெட்டிட்டான்னு வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்தாரு. வக்கீலுக்குக் குடுத்த காசுல அதப்போலப் பத்து வரப்பு வாங்கியிருக்கலாம். கடேசியில தோத்தாரு. தோத்த அன்னைக்கி அதே பங்காளி கூட ஒரே பஸ்ஸுல ஏறி, அவனுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்தாரு. 'ஒரு ஆளுக்குச் சில்லற இல்லன்னாக'ன்னு அதுக்கு ஒரு காரணம் வேற. இந்தக் கிறுக்க மறச்சுட்டு 'நேர்மையின் சிகரம்'னு எழுதுனா யாரு நம்புவா?

சனிக்கெழம சந்தைக்குப் போனா சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வருவாரு. 'எனக்குன்னுதான் வாங்குனேன், பல்லு கூசுது, நீ தின்னுரு'ன்னு அக்கா பக்கத்துல வச்சுட்டுப் போயிருவாரு. சேவு திங்கிறதுக்குன்னே பல்லு கூசுற ஒரு மனுசன் ஊர்ல அவரு ஒருத்தருதான். அக்கா பேரச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்ல, 'ஏ இந்தா'தான். அக்காவுக்குக் கண்ணு ஆப்பரேசன்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனப்ப, ஆஸ்பத்திரி வாசல்லயே துண்ட விரிச்சுக் கெடந்தாரு. ஊர்க்காரன் ஒருத்தன் பாத்துட்டு என்ன இங்கன்னு கேட்டதுக்கு, 'மாடு பாக்க வந்தேன்'னாரு. மதுரைக்குள்ள, கண்ணாஸ்பத்திரி வாசல்ல, மாடு!

பதினாறாம் நாள் விசேசத்தன்னைக்கி நடந்ததையும் சொல்லிருறேன். அக்கா நெத்தியில பொட்ட அழிக்கணும், பூவ எடுக்கணும்னு நாலு கெழவிக கெளம்புனாக. நான் பொறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்த தம்பி. அந்த அதிகாரத்துல கேட்டேன்: 'மச்சான் கட்டுனது தாலி. பூவும் பொட்டும் எங்க வீட்ல அவ பொறந்தன்னைக்கி வச்சது. அவரு குடுக்காதத அவருக்காக எதுக்குப் பறிக்கிறீக?' கெழவிக வாயடச்சுப் போச்சு. நீ அப்ப பந்தலுக்கு வெளியே நின்னு பேனருக்கு வெளக்கு சரியா விழுதான்னு பாத்துக்கிட்டிருந்த. இப்ப தெரிஞ்சுக்க, செத்தவருக்கு மரியாதங்கிறது மிச்சம் இருக்கவுகள எப்பிடி வச்சுக்கிறோங்கிறதுல இருக்கு.

அந்த விசயத்துல இன்னொண்ணும் இருக்கு. வெத்தல எச்சியத் துப்பிட்டுச் சொல்றேன், கோவிச்சுக்காத. அஞ்சலித் தாள்ல ஒங்க அத்தமாரு ரெண்டு பேரு பேரையும் பெரிய எழுத்துல போட்டுருக்க. சந்தோசம். ஆனா போன வாரம் அதே ரெண்டு பேர்கிட்டயும் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துக் கேட்டு ஒங்க அப்பனும் சித்தப்பனும் நடந்ததா எனக்குக் காத்து சொல்லுச்சு. உயில் எழுதாமச் செத்தவரோட சொந்தச் சம்பாத்தியத்துல பொண்டாட்டி, மகன், மக எல்லாருக்கும் சரிசமப் பங்குன்னு 1956லயே சட்டம் வந்துருச்சு. பூர்வீகச் சொத்துலயும் மகளுக்குப் பங்குன்னு நம்ம தமிழ்நாட்டுல 1989ல கொண்டாந்தாக. அப்ப கல்யாணம் ஆகாத பொண்ணுகளுக்குன்னு இருந்துச்சு. 2005ல நாடு முழுக்கக் கல்யாணம் ஆனவுகளுக்கும் சேத்துக் குடுத்தாக. 'அன்புத் தந்தை'ன்னு கண்ணீர் விடுற எடத்துல மக பேரு வேணும், பட்டாவுல வேண்டாமா? அவுகளா மனசு வந்து விட்டுக்குடுத்தா அது அவுக பெரிய மனசு. பேனாவ நீட்டிக்கிட்டு வாசல்ல நின்னா அது வேற. அக்காவுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு. அது கைநாட்டு வைக்கிற கையின்னு நெனச்சு அவசரப்படாதீக. கண்ணு ஆப்பரேசனுக்குப் பெறகு அதுக்கு நல்லாத் தெரியுது.

படையலுக்கு என்ன வைக்கணும்னு ஒங்க அம்மா கேட்டா. இந்த வீட்ல மச்சான ஒழுங்கா நெனப்பு வச்சுருக்கது படையல் போடுற பொம்பளைகதான். கம்மங்கூழு, மோர்மொளகா, நெத்திலிக் கருவாடு, வெத்தல, ஒரு கட்டுச் சுருட்டு. இதுல ஒண்ணு மாறுனாலும் காக்கா வராதுன்னு அக்கா சொல்லுது. 'அருமைத் தாத்தா'ங்கிற வார்த்தைக்கு எந்தக் காக்காயும் வராது. மோர்மொளகாய்க்கு மச்சான் வந்துருவாரு.

நேரமில்லன்னு சொல்லாத. ஒருத்தர் செத்தத அரசாங்கத்துக்கு 21 நாளைக்குள்ள பதியணும்னு 1969ஆம் வருசத்துச் சட்டம் இருக்கு. அவரு வாழ்ந்தத எழுதுறதுக்கு அப்பிடி ஒரு கெடுவும் கெடையாது. மீனாட்சிசுந்தரம் பிள்ளைன்னு பெரிய வித்துவான் 1876ல செத்துப் போனாரு. அவர்கிட்டப் படிச்ச உ.வே. சாமிநாதையரு, வாத்தியாரு சரித்திரத்த ரெண்டு பாகமா 1933லயும் 1934லயும் போட்டாரு. அம்பத்தேழு வருசம் கழிச்சு! அம்புட்டு வருசம் கழிச்சு ஒருத்தரால எழுத முடிஞ்சுச்சுன்னா அவரு காதும் கண்ணும் தொறந்து கெடந்துச்சுன்னு அர்த்தம். ஒனக்கு ஒரு வருசந்தான ஆச்சு, அதுக்குள்ள ஆலமரத்துக்கிட்டப் போயிக் கடன் வாங்குறியே.

சரி, தாளத் திருப்பு. பின்பக்கம் வெறுசா இருக்குல்ல, நான் சொல்றத எழுது. பேப்பர்க்காரன் சதுர சென்டிமீட்டர் கணக்குல காசு வாங்குறான். ஆலமரத்துக்கும் அதே காசுதான், நெசத்துக்கும் அதே காசுதான்.

'வெள்ளைக்காரன் போன வருஷம் முன்பல் விழுந்தவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மகனைப் படிக்க வைக்க ஜோடி மாட்டை விற்றுவிட்டு, மாடு கிழடு என்று பொய் சொன்னவர். மனைவிக்குச் சேவு வாங்கி வந்து, தனக்கு என்று பொய் சொன்னவர். ஒரு அடி வரப்புக்காக வழக்காடித் தோற்றவர். பேரனிடம் ஆடு புலி ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றவர். சட்டை பிடிக்காது. மோர்மிளகாய் பிடிக்கும். அவர் இல்லாத வீட்டில் இருந்து: மனைவி, மகன்கள், மகள்கள், மருமக்கள், பேரன் பேத்திகள்.'

மனைவி பேர மொதல்ல போடு. அவரு கூப்பிடாமலே போன பேரு, பேப்பர்லயாவது வரட்டும்.

இதுக்கு மேலயும் எழுதணும்னு ஆச இருந்தா, மச்சி மேல தகரப்பெட்டியில மச்சானோட கணக்கு நோட்டுக கெடக்கு. பாண்டிச்சேரியில ஆனந்தரங்கப் பிள்ளைன்னு ஒருத்தர், தொரைமாருக்குத் துபாசியா இருந்தவரு, 1736லருந்து 1761 வரைக்கும் நடந்தத எழுதி வச்சாரு. கப்பல் வந்தது, சரக்கு வெல, ஊர்ப்பேச்சு, ஒண்ணு விடல. இன்னைக்கி அதச் சரித்திரம்னு படிக்கிறாக. மச்சானும் எழுதியிருக்காரு. எந்தத் தேதியில ஒழவு மழ பேஞ்சுச்சு, பருத்தி என்ன வெல போச்சு, களையெடுப்புக்கு எத்தன ஆளு, ஒனக்கு மொட்ட போட்ட செலவு, சைக்கிளுக்குக் குடுத்த தொக, எல்லாம் ஒரே கையெழுத்து. ஒரு வரியில கூட அன்புன்னு எழுதியிருக்க மாட்டாரு. வாசிச்சு முடிக்கிறப்ப வேற எதுவும் எழுதலன்னு தெரியும்.

பக்கம் பக்கமா நிதானமா வாசி, அவசரமே இல்ல. கைமாத்துன்னு தலைப்புப் போட்ட பக்கத்துல எங்கயாச்சும் எம்பேரும் ஒரு தொகையும் இருந்து, எதிர்ல வரவுன்னு எழுதாமக் கெடந்தா, அது மச்சானுக்கு வயசான காலத்துல வந்த மறதி. அந்த ஒரு பக்கத்த மட்டும் சரித்திரத்துல சேக்காத பேராண்டி.